துருவத்துச் செய்தியும் தலைப்பு வியாபாரமும்

பத்திரிகை என்பது அறியாதார்க்கு அறிவூட்ட எழுந்த சாதனம். மக்களை அச்சுறுத்துவதும் நகைப்பூட்டுவதும் அதன் தொழில் அல்ல. ஆனால் வட துருவத்திலும் தென் துருவத்திலும் நடைபெற்று வரும் சீதோஷ்ண ஆராய்ச்சியைப் பற்றி உலகப் பத்திரிகைகள் வெளியிடும் செய்திகளை ஊன்றிக் கவனிப்போர்க்கு இருவகை நிருபர்களே பெரிதும் கண்ணிற் படுவர். ஒரு வகையார், உலகம் முடிந்தது என்று பறையறைவர். மற்றொரு வகையார், எல்லாம் வெறும் புரட்டு என்று கைகொட்டி நகைப்பர். இவ்விருவரும் பகைவர் போலத் தோன்றினும், உண்மையில் ஒரே கடையிற் கூட்டு வியாபாரம் செய்வோரே யாவர். அக்கடையில் விலைப்படும் சரக்கு தலைப்பு ஒன்றே என்பது நமது வாதம்.

வெறும் வாய்ப்பேச்சாக இதனைக் கூறுகின்றோமில்லை. சான்றுகள் உள.

2000ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் யமால் என்னும் ருஷ்ய நாட்டுப் பனியுடைக்கும் கப்பல் உல்லாசப் பயணிகளை ஏற்றிக்கொண்டு வட துருவத்தை அடைந்தது. அங்கே பனிப்பாறைக்குப் பதிலாகத் திறந்த நீர்ப்பரப்பு காணப்பட்டது. அதனைக் கண்ணுற்ற விஞ்ஞானிகள் சிலர் திரும்பி வந்து கூறியதை நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை முதற்பக்கத்திற் பெரிதாக வெளியிட்டது. துருவம் நீராயிருந்ததாக உறுதிபடக் கூறக்கூடிய முற்காலம் ஐந்து கோடி ஆண்டுகளுக்கும் அப்பாற்பட்டது என்ற வாசகமும் அதிற் காணப்பட்டது. உலகம் திடுக்கிட்டது. பத்து நாட்களுக்குள் அப்பத்திரிகையே திருத்தம் வெளியிட நேர்ந்தது. கோடைக் காலத்தில் வட சமுத்திரத்தின் பத்திலொரு பங்கு திறந்த நீராயிருப்பது வழக்கமே என்றும், துருவத்திலும் அவ்வாறு முன்னர் நேர்ந்திருக்கக் கூடும் என்றும் அது ஒப்புக்கொண்டது. தலைப்பைப் படித்தவர் கோடி. திருத்தத்தைப் படித்தவர் எத்துணையர்?

இதில் மிகுந்த பரிதாபம் யாதெனின், வட துருவப் பனி தேய்வது மெய்யே என்பதுதான். 1979 முதல் துணைக்கோள்கள் ஆண்டுதோறும் அதனை அளந்து வருகின்றன. 2012 செப்டம்பரில் அது சுமார் 34 இலட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது. உண்மையே போதிய வலிமையுடன் நிற்க, அதற்குப் பொய்க்கால் கட்டுவானேன்? பொய்க்கால் முறிந்த அன்று நற்காலையும் சேர்த்தன்றோ உலகம் பழிக்கும்!

இனி நகைப்போர் கதையைப் பார்ப்போம். 2013 டிசம்பரில் அக்கடமிக் ஷோகல்ஸ்கி என்னும் கப்பல் விஞ்ஞானிகளையும், பயணிகளையும், பத்திரிகை வானொலி நிருபர்களையும் ஏற்றிக்கொண்டு தென் துருவக் கண்டத்தின் காமன்வெல்த் விரிகுடாவை ஒட்டிய கடலிற் சென்றபொழுது பனியிற் சிக்குண்டது. 2014 ஜனவரி 2ஆம் நாள் சீனக் கப்பலின் ஹெலிகாப்டர் 52 பேரை மீட்டு ஆஸ்திரேலியக் கப்பலிற் சேர்த்தது. உடனே எழுந்த கூச்சலை என்னென்பது! உஷ்ணத்தை ஆராயப் போனவர் பனியில் அகப்பட்டாராம். ஆகவே பூமி சூடாகிறது என்பது பொய்யாம். பயண ஏற்பாட்டிற் குறை கண்டோர் இருந்தனர். அது வேறு வழக்கு. ஆனால் அப்பனி அங்கே வந்தது எவ்வாறு என்று நகைத்தவருள் எத்தனை பேர் விசாரித்தனர்? 2010ல் பெரும் மிதவைப் பனிமலையொன்று மெர்ட்ஸ் பனியாற்றின் நாவை மோதி முறித்தது. பின்னர் அவ்விரிகுடாவிலேயே தரைதட்டி நின்றது. அதனால் அங்கே பல்லாண்டுப் பனி சேர்ந்தது. அத்தகைய பழம்பனி உடைந்து, பெருங்காற்றால் தள்ளுண்டு கப்பலைச் சூழ்ந்தது. இதுவே நிகழ்ந்தது. ஒரு நாள் மழையால் பால்வெட்டு நின்றதைக் கொண்டு, இவ்வாண்டு முழுவதும் வெள்ளம் என்று எந்தத் தோட்டத்துக் கிராணியாவது கணக்கெழுதுவாரா? தோட்டத்துக் கிராணி செய்யத் துணியாத காரியத்தைப் பட்டணத்துப் பத்திராதிபர் செய்யலாமா?

இன்னுமொரு சான்று. தென் துருவக் கண்டத்தின் மேற்குப் பகுதியில் துவைட்ஸ் என்னும் பனியாறு உளது. மலேசியத் தீபகற்பத்தைக் காட்டிலும் பரப்பிற் பெரியது. அது முழுதும் கடலிற் கலந்தால் உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 65 சென்டிமீட்டர் உயரும். 2017ல் ரோலிங் ஸ்டோன் என்னும் அமெரிக்கப் பத்திரிகை அதனை "ஊழிக்காலப் பனியாறு" என்று பொருள்படும் பெயரால் அழைத்தது. அப்பெயரைச் சூட்டிய எழுத்தாளராவது 2019ல் ஆராய்ச்சிக் கப்பலேறி அவ்விடத்துக்கே சென்றார். அவர் உழைப்பை நாம் குறை கூறோம். ஆனால் இருந்த நாற்காலியை விட்டு எழாமலே அச்சொல்லை எடுத்து ஆளும் ஆயிரம் பேரை என்ன சொல்வது? அப்பனியாறு விரைந்து தேய்வது உண்மை. முழுதும் அழியப் பல தலைமுறைக் காலம் ஆகும் என்பதும், அக்காலம் நீள்வதும் குறுகுவதும் மனிதர் எரிக்கும் நிலக்கரி, எண்ணெயின் அளவைப் பொறுத்தது என்பதும் உண்மை. பின்னதை மறைத்து முன்னதை மட்டும் முழக்குவது அரை உண்மை. விஞ்ஞானிகள் சிலரே அப்பெயரை வெளிப்படையாக வெறுத்துரைத்தனர்.

"அச்சுறுத்தாவிடில் யார் படிப்பார்?" என்று கேட்பர் சிலர். புலி வருகிறது, புலி வருகிறது என்று கூவியவன் கதையை அவர்க்கு நாம் சொல்லவேண்டுவதில்லை. அதனினும் கொடியது ஒன்றுண்டு. பிரளயம் வந்தே தீரும் என்று கேட்டுக் கேட்டுப் பழகியவன் கைகட்டி உட்காருவான். எல்லாம் விதி என்பான். மனிதன் செய்த வினையை மனிதனே மாற்றக்கூடும் என்னும் துணிவு அவனுக்கு எங்கிருந்து வரும்? நகைப்பவன் நம்மைத் தூங்க வைக்கிறான். அலறுபவன் நம்மை மூர்ச்சிக்க வைக்கிறான். இரு நிலையிலும் வேலை நடவாது.

அங்ஙனமாயின் நல்ல நிருபர் செய்யவேண்டுவது யாது? அளந்த விதத்தைச் சொல்லவேண்டும். தென் துருவத்தில் டோம் சி என்னுமிடத்தில் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் துளையிட்டுப் பனித்தண்டு எடுத்தனர். அதில் அடைபட்ட காற்றுக் குமிழிகள் 8 இலட்சம் ஆண்டுக் கணக்கைக் காட்டுகின்றன. அக்காலம் முழுவதும் பத்து இலட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு ஏறத்தாழ 300 பங்கைத் தாண்டியதில்லை. இன்றோ 420ஐயும் கடந்துவிட்டது. இச்செய்திக்கு ஊழி என்னும் சொல் எதற்கு?

பிழையின் அளவையும் சொல்லவேண்டும். 1992 முதல் 2017 வரை தென் துருவக் கண்டம் 2,72,000 கோடி டன் பனியை இழந்ததாக 2018ல் விஞ்ஞானிகள் பலர் கூடிக் கணக்கிட்டனர். அக்கணக்கு 1,39,000 கோடி டன் கூடவோ குறையவோ இருக்கலாம் என்றும் அவர்களே எழுதினர். இவ்விரண்டாம் எண்ணை அச்சிட்ட பத்திரிகைகள் எத்தனை? குறைந்த கணக்கை எடுத்தாலும் இழப்பு இழப்பே என்பதையன்றோ அவ்வெண் காட்டுகிறது! ஐயத்தை ஒளிக்காதவன் சொல்லே ஐயமற நிற்கும்.

மிதக்கும் பனி வேறு, நிலத்துப் பனி வேறு என்பதையும் விளக்கவேண்டும். தம்ளரில் மிதக்கும் பனிக்கட்டி கரைந்தால் நீர் வழிவதில்லை. வெளியிலிருந்து போட்டால் வழியும். தென் துருவத்தைச் சூழ்ந்த கடற்பனி 2014ல் 2 கோடி சதுர கிலோமீட்டரைத் தாண்டியபோது ஒரு கட்சியார் கூத்தாடினர். 2023ன் உச்சத்தில் அது 1 கோடியே 70 இலட்சத்தையும் எட்டாதபோது மறு கட்சியார் அலறினர். நிலத்துப் பனி மொத்தத்திற் குறைந்து வந்ததை இருவரும் மறந்தனர்.

துருவம் எங்கோ, நாம் எங்கோ என்று வாசகர் எண்ணற்க. பெரும் பனித்திரள் தன் ஈர்ப்பால் கடல்நீரைத் தன்பால் இழுத்து வைத்துளது. தென் துருவப் பனி தேயின் அந்நீர் விடுபட்டுத் தொலைவிலுள்ள கடல்களை நோக்கி வரும். பூமத்திய ரேகையை அடுத்த நம் கரைகளில் சராசரியினும் மிகுதியாக உயரும். சிங்கப்பூர் நிலத்தில் சுமார் 30 சதவிகிதம் கடல்மட்டத்துக்கு 5 மீட்டருக்குட்பட்ட உயரத்திலேயே உளது. கரை காக்க நெடுங்காலத்தில் பத்தாயிரம் கோடி வெள்ளியோ அதற்கு மேலோ தேவைப்படலாம் என்று 2019ல் அந்நாட்டுப் பிரதமர் கூறினார். அப்பணம் பாமரன் பணமுமாகும். அவனுக்குச் சரியான கணக்குச் சொல்லாதவன் அவன் பையில் கைவிடுபவனே.

ஆகவே துருவத்துச் செய்தியைப் படிக்குந்தோறும் மூன்று வினாக்களை எழுப்புக: எதனை அளந்தனர்? எத்தனை ஆண்டு அளந்தனர்? பிழை எவ்வளவு இருக்கக்கூடும்? விடை தாராத பத்திரிகை எதுவாயினும், அது தமிழ்ப் பத்திரிகையே யாயினும், காசு கொடுத்து வாங்காதீர். கேழ்வரகில் நெய் வடிகிறது என்போர் இருக்கும் வரை, கேட்போர்க்கு மதி வேண்டும். அம்மதி பெருகினால் தலைப்பு வியாபாரிகள் தாமே கடையைக் கட்டுவர்.