கரை காணுமுன்

நெடுங்கடற் பயணத்தின் நிறைவான இன்பம் புறப்படும் நாளிலும் இல்லை. இறங்கும் நாளிலும் இல்லை. கரை காண இன்னும் சில நாள்களே எஞ்சியிருக்கும் இடைப்பொழுதில்தான் உள்ளது என்பேன். முடித்த பணி பின்னே நிற்கும். ஏற்கும் பணி முன்னே நிற்கும். நடுவே நீலக்கடல் ஒன்றே.

1893 மே 31இல் பம்பாயிற் கப்பலேறிய விவேகானந்தர், 1896 டிசம்பர் 30இல் நேப்பிள்சிலிருந்து தாயகம் நோக்கித் திரும்பினார். ஜனவரி 3ஆம் நாள் எழுதிய கடிதத்தில், கப்பலின் ஆட்டத்தால் எழுத்துக் கோணியதைப் பொறுத்தருளுமாறு வேண்டுகிறார். ஏடனில் இறங்கியபோதோ, வெற்றிலை விற்கும் வடநாட்டவர் ஒருவரைக் கண்டதும், உடன்வந்த ஆங்கிலேயச் சீடரை விட்டு விரைந்து சென்று, அவருடைய உக்காவை வாங்கிப் புகைத்து மகிழ்ந்தார். உலகப் புகழ் பெற்ற துறவி அங்கே ஊர் திரும்பும் பிள்ளையானார்! அதன்பின் கொழும்பு வரை கடலே துணை.

1897 ஜனவரி 15இல் கொழும்பில் இறங்கினார். வரவேற்பும் சொற்பொழிவும் சூழ்ந்துகொண்டன. எம் அலவத்துகொடைக்கு இருபுறமும் உள்ள கண்டிக்கும் மாத்தளைக்கும் வந்து, யாழ்ப்பாணம் சென்றார். பின்னர் பணி மிகுந்தது, உடல் நலிந்தது. 1902 ஜூலை 4இல், 39ஆம் அகவையில் மறைந்தார். அக்கடல் நாள்களின் அருமை இப்போதன்றோ விளங்குகிறது!

ஆசிரியரும் மாணவரும் விடுமுறையின் இறுதி நாள்களைப் பள்ளி திறக்கும் கவலையிலேயே இழந்துவிடுகிறோம். யானும் அப்பிழை செய்தவனே. கரை எப்படியும் வரும். அது வருமுன் கடலைக் கண்ணாரக் காண்போமாக.