கிவ் அப்: ஒரு வினையின் பல முகங்கள்

எளிய வினையொன்று 'அப்', 'ஆஃப்', 'அவுட்' போன்ற சிறுசொல்லோடு சேர்ந்து புதுப்பொருள் தரும் ஆங்கிலச் சொற்சேர்க்கையை, இன்று ஃபிரேசல் வெர்ப் எனப்படுவதை, அயலார்க்குப் பெரும் இடர் தருவதென்று சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியான தம் அகராதியின் முன்னுரையிலேயே குறித்துள்ளார். 'கிவ்' கொடுத்தலையும் 'அப்' மேல்நோக்கையும் உணர்த்த, இரண்டும் இணைந்த 'கிவ் அப்' கைவிடுதலை உணர்த்துவது, அவற்றைத் தனித்தனியே கற்றவருக்கு எளிதில் எட்டுவதில்லை. அதன் பொருளைப் பெரிதும் வரையறுப்பது உடன்வரும் செயப்படுபொருளே: புகைபிடித்தல் எனில் பழக்கத்தை விட்டொழித்தல், பேருந்து இருக்கை எனில் முதியவருக்கு விட்டுக்கொடுத்தல், தேடப்படுபவர் தம்மையே எனில் காவல்துறையிடம் சரணடைதல். சமையல் எரிவாயு மானியத்தை வசதியுள்ளோர் தாமே துறக்கும்படி 2015இல் இந்திய அரசு தொடங்கிய 'கிவ் இட் அப்' இயக்கம் விட்டுக்கொடுத்தல் என்னும் பொருளையே பற்றிநின்றது. இவ்வேறுபாடுகளைக் கருதாமல் 'கிவ் அப்' என்பதற்கு ஈடாகத் தரப்படும் 'அபாண்டன்', 'ரினவுன்ஸ்', 'சரண்டர்' ஆகியவற்றை ஒரே பொருள் குறித்த பல சொற்கள் என்று அடுக்கி மாணவரை மனப்பாடம் செய்விப்பது பெருந்தவறு. ஒவ்வொன்றையும் அது ஏற்கும் செயப்படுபொருளோடு சேர்த்துக் கற்பிப்பதே தக்கது. குழந்தையை 'அபாண்டன்' செய்தல் நிர்க்கதியாக விட்டுச்செல்லும் கொடுமை. குடியுரிமையை 'ரினவுன்ஸ்' செய்தல் முறைப்படி அறிவித்துத் துறக்கும் சட்டச் செயல். 'சரண்டர்' என்பதோ போர்க்களத்துப் பணிதலோடு நில்லாமல், தமிழக அரசு அலுவலக வழக்கில், ஈட்டிய விடுப்பை ஒப்படைத்து அதற்குரிய ஊதியத்தைப் பணமாகப் பெறுவதையும் குறிக்கிறது.