ஏழை இல்லத்தின் எரிபொருட் சிக்கனம்: செலவை ஏற்பவர் யார்?

குரங்கணி என்னும் பெயரை நாட்டு மக்களுள் பலர் 2018 மார்ச் 11 ஆம் நாள் மூண்ட காட்டுத் தீயினாலேயே முதன்முதலாகக் கேள்வியுற்றனர். ஆயின், அம்மலையடிவாரத்தில் நாள்தோறும் இருவேளை மூளும் தீ ஒன்றுண்டு. அஃது அடுப்புத் தீ. அதன் புகையைப் பற்றிப் பேசுவார் இலர். பகலெல்லாம் ஏலத் தோட்டத்தில் உழைத்து, மீளும் வழியில் விறகும் சுமந்துவரும் தாய்மார்கள், இருண்ட சமையற்கட்டில் அப்புகையினூடே அமர்ந்துதான் குடும்பத்தாருக்குச் சோறாக்குகின்றனர்.

ஏலக்காயை உலர்த்துவதற்கு மேம்பட்ட சாதனம் அமைக்க விரும்பும் விவசாயிகளுக்கு நறுமணப் பொருட்கள் வாரியம் மானியம் அளித்து வந்திருக்கிறது. இதனை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் காய்க்குக் கிடைத்த வசதி, காயைப் பறித்த கைக்குக் கிடைக்கவில்லையே என்பதுதான் நமது குறை. ஏழையின் வீட்டில் நல்லடுப்பும், குறைந்த மின்சாரத்தில் இயங்கும் விளக்கும் விசிறியும், வெயிலைத் தாங்கும் கூரையும் அமைதல் வேண்டும். இதில் கருத்து வேற்றுமை இல்லை. பணம் எங்கிருந்து வருவது என்பதே கேள்வி.

“கடன் கொடுப்போம், மிச்சமாகும் மின்கட்டணத்தைக் கொண்டு தவணை செலுத்தட்டும்” என்று சிலர் கூறுகின்றனர். கேட்பதற்கு இனிய யோசனைதான். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழைய மின்விசிறி ஒன்று 75 வாட் மின்சாரம் கொள்ளும். நாளொன்றுக்கு 12 மணி நேரம் சுழன்றால் இரண்டு மாதத்தில் 54 யூனிட் செலவாகும். புதுவகை பி.எல்.டி.சி. மின்விசிறிக்கு 30 வாட் போதும். அதே வேலைக்கு 22 யூனிட்டுக்குள் அடங்கும். மிச்சம் 32 யூனிட்.

தமிழ்நாட்டில் 2016 ஆம் ஆண்டு முதல் வீடுகளுக்கு இரு மாதத்திற்கு முதல் 100 யூனிட் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. 130 யூனிட் செலவிடும் குடும்பம் புது விசிறியால் 98 யூனிட்டுக்கு இறங்கிவிடும். அக்குடும்பத்திற்கு மிஞ்சும் தொகை நூறு ரூபாய்க்கும் உட்பட்டதே. விசிறியின் விலை 3,000 ரூபாய் எனக் கொண்டால், அசலை மட்டும் அடைப்பதற்கே ஐந்தாண்டுக்கு மேலாகும். வட்டியும் சேருமானால் என்னாகும்? 90 யூனிட் மட்டும் செலவிடும் குடும்பத்திற்கோ ஒரு காசும் மிஞ்சாது. ஏனெனில் அவர்கள் முன்பும் கட்டணம் செலுத்தவில்லை. விறகைக் காட்டிலிருந்து சுமந்து வருவோர்க்கும் இஃதே நிலை. அவர்கள் மிச்சப்படுத்துவது முதுகின் பாரத்தை. அதைக் கொண்டு தவணை கட்ட இயலுமா?

பிற நாட்டு அனுபவமும் இதையே உணர்த்துகிறது. பிரிட்டனில் வீடுகளைச் சீர்திருத்தக் கடன் கொடுத்து, மின்கட்டணத்தோடு சேர்த்து வசூலிக்கும் திட்டம் ஒன்று 2013 இல் தொடங்கப்பட்டது. வட்டி மிகுதியாயிருந்தமையால் மக்கள் போதிய அளவில் முன்வரவில்லை. 2015 இல் அரசு அதற்கு நிதியளிப்பதை நிறுத்திக்கொண்டது. அமெரிக்காவிலோ, எளியோர் இல்லங்களைக் கட்டணமின்றிச் செப்பனிடும் திட்டம் 1976 இல் ஏற்பட்டது. அது கடன் அன்று, நன்கொடை.

கட்டணமின்றித் தரும் மின்சாரம் விண்ணிலிருந்து விழுவதன்று. அதன் விலையை அரசாங்கம் மின்வாரியத்திற்கு ஈடு செய்கிறது. கைத்தறி நெசவாளர்க்குக் கட்டணமில்லா மின்சாரம் 2023 இல் 200 யூனிட்டிலிருந்து 300 யூனிட்டாக உயர்த்தப்பட்டது, அதுவும் இவ்வாறே. ஆகவே ஏழை வீட்டில் 32 யூனிட் குறையுமானால் ஆதாயம் பெறுவது கருவூலமேயாகும். ஆதாயம் எவருக்கோ, செலவும் அவருக்கே என்பது நியாயம். இதனை இலவசம் என்று இகழ்வது பொருந்தாது. 2011 இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் சூரிய விளக்குகளுக்கென வீடொன்றுக்கு 30,000 ரூபாயை அரசே ஏற்றது. வழி முன்னரே வகுக்கப்பட்டதுதான்.

இனி நமது கடமைக்கு வருவோம். எல்.இ.டி. விளக்கு ஒன்றை 2014 இல் அரசு நிறுவனம் 310 ரூபாய்க்குக் கொள்முதல் செய்தது. 2016 இல் அது 38 ரூபாயாயிற்று. நாடெங்கும் வேண்டிய விளக்குகளை ஒருங்கே கேட்டு வாங்கியது அவ்விலைச் சரிவிற்கு ஒரு பெருங்காரணம். பலர் சேர்ந்து வாங்கினால் விலை தணியும் என்பது கூட்டுறவாளர்க்குப் பாலபாடம் அன்றோ? நூலையும் உரத்தையும் சேர்ந்து வாங்கும் சங்கங்கள் விசிறியையும் அடுப்பையும் ஏன் சேர்ந்து வாங்கலாகாது?

பொருளைக் கொடுத்துவிட்டு மறந்துவிடுவதும் தவறு. 1983 இல் மத்திய அரசு புகையில்லா அடுப்புத் திட்டத்தை மேற்கொண்டு இலட்சக்கணக்கான அடுப்புகளை அமைத்தது. புகைபோக்கி அடைபட்டபோதும் அடுப்பு வெடித்தபோதும் பழுது பார்க்க ஆளின்றிப் பல வீடுகளில் அவை கைவிடப்பட்டன. 2002 இல் திட்டமும் முடிவுற்றது. பழுது பார்க்கும் செலவைக் கணக்கில் கொள்ளாத நிதியுதவி அரை உதவியே.

ஆதலின் நாம் வேண்டுவன இவை. மின்கட்டணம் செலுத்தும் அங்கத்தினர்க்குச் சங்கம் வட்டியில்லாக் கடன் தரட்டும். தவணை, மிச்சமாகும் தொகையை விஞ்சலாகாது. அதற்கு மேற்பட்ட விலையை மானியம் ஈடுசெய்யட்டும். கட்டணமே இல்லாத குடும்பங்களுக்கும் விறகை நம்பி வாழ்வோர்க்கும் அரசு முழுச் செலவையும் ஏற்கட்டும். தோட்டக் குடியிருப்பில் வாழ்வோர்க்குக் கூரையும் அடுப்பும் சொந்தமல்ல; அவற்றைச் சீராக்கும் பொறுப்பு வீட்டுக்கு உடையவரைச் சாரும். பழுது பார்க்க ஊருக்கு ஓர் இளைஞரைப் பயிற்றுவித்து, அவரது ஊதியத்திற்குச் சங்கம் நிகர லாபத்தில் பொது நன்மைக்கென ஒதுக்கும் நிதியிலிருந்து ஒரு பங்கு வழங்கலாம்.

அங்கத்தினர்களே, அடுத்த பேரவைக் கூட்டத்தில் லாபப் பங்கீடு பற்றிப் பேசுமுன் இப்பொருளை எழுப்புங்கள். எத்தனை வீடுகளில் புகை சூழ்ந்துள்ளது, எத்தனை வீடுகளில் பழைய விசிறி சுழல்கிறது என்று கணக்கெடுக்க ஒரு குழுவை நியமியுங்கள். கணக்கோடு சென்று கேட்கும் சங்கத்தை எந்த அதிகாரியும் எளிதில் திருப்பியனுப்ப இயலாது.