குரு பார்வையா, பங்குப் பத்திரமா?

2021ஆம் வருஷம் செப்டம்பர் 22ந் தேதி, சென்னையில் தொடங்கப்பட்ட பிரஷ்ஒர்க்ஸ் என்னும் சாப்ட்வேர் கம்பெனியின் பங்குகள் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தைக்கு வந்தன. அதனால் தமது சிப்பந்திகளில் ஐந்நூறு பேருக்குமேல் கோடீசுவரர்களானார்கள் என்று அதன் ஸ்தாபகர் தோழர் கிரிஷ் மாத்ருபூதம் அப்போது சொன்னார். இம்மாதிரிச் சேதிகள் கம்ப்யூட்டர் படித்தவர்களிடையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் படூர் டீக்கடைக்கு வந்து சேரும்போது, "குரு பார்வை", "லட்சுமி கடாட்சம்", "அவரவர் தலையெழுத்து" என்பதாக மாறிவிடுகின்றன.

குரு எங்கே பார்த்தார் என்று கேட்கின்றோம். 2010ல் ஜென்டெஸ்க் என்ற அமெரிக்கக் கம்பெனி தன் சாப்ட்வேர் விலையை ஏற்றிற்று. வாங்கினவர்கள் முணுமுணுத்தார்கள். இந்தச் சேதியைப் பலரும் படித்தார்கள். அதைப் படித்த கிரிஷ், வாடிக்கைக்காரர்களின் குறைகளைக் கேட்டுப் பதில் சொல்ல உதவும் அதே காரியத்தை நாமும் செய்து கொடுக்கலாமே என்று புறப்பட்டார். வேலைக்கு வந்தவர்களுக்குச் சம்பளத்தோடு, இத்தனை வருஷம் வேலை பார்த்தால் இத்தனை பங்கு என்று எழுதிக் கொடுக்கப்பட்டது. பங்கு சந்தைக்கு வந்ததும் அது பணமாயிற்று. தலையில் ஒன்றும் எழுதவில்லை, எழுதினதெல்லாம் காகிதத்தில்தான். முதலில் 36 டாலருக்கு விற்ற அந்தப் பங்கு பிற்பாடு பாதிக்கும் கீழே இறங்கியதும் வாஸ்தவம். லட்சுமி கடாட்சமாயிருந்தால் அதுவும் சந்தை நிலவரம் பார்த்தா இறங்கும்?

நிற்க, சிறுசேரிக்கும் கேளம்பாக்கத்துக்கும் நடுவிலுள்ள படூர்ச் சங்கதிக்கு வருவோம். பழைய மாமல்லபுரம் சாலைக் கண்ணாடிக் கட்டடங்களில் கூட்டுகிறவர், காவலிருக்கிறவர், தட்டெடுக்கிற அம்மாள் ஆகியோரில் பெரும்பாலோர் காண்ட்ராக்டரின் ஆட்கள். கம்பெனிப் பேரேட்டில் அவர்களுக்குப் பெயரில்லை. பெயரில்லாதவருக்குப் பங்கும் இல்லை. இதில் பூர்வ ஜென்ம பாவம் எங்கே வந்தது? ஆயுத பூஜையன்று கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைத்துப் பூசணிக்காய் உடைக்கக் கூப்பிடுகிற இடங்களில்கூட, பங்குப் பட்டியல் போடும்போது அந்த அம்மாளைக் கூப்பிடுவதில்லை.

பட்டம் இல்லாதவனுக்குப் பேரேட்டில் இடமேது என்பார்கள். இதே செங்கல்பட்டு ஜில்லாவில் பெரிய அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோ கம்பெனி, 2005 வாக்கில் தொடங்கி, பிளஸ் டூவும் டிப்ளமோவும் முடித்த பிள்ளைகளை உதவித்தொகை கொடுத்துப் பழக்கி வேலைக்கு எடுத்து வருகிறது. எந்தக் கோத்திரத்தான் என்பதைக் கம்ப்யூட்டர் கேட்பதில்லை.

ஆதலால் தோழர்களே, பிள்ளைக்கு வேலை கிடைத்ததும் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியனிடம் ஓடாதீர்கள். நியமன உத்தரவை எடுத்துக்கொண்டு விவரம் தெரிந்தவரிடம் போங்கள். யார் பேரேட்டில் பெயர், பங்கு உண்டா, எத்தனை வருஷத்தில் என்று கேளுங்கள். கட்டடத்தைக் கூட்டுகிறவருக்கும் ஒரு பங்கு எழுதினால் என்ன குடி முழுகிப் போகும் என்பதற்கு முதலாளிமார் பதில் சொல்லட்டும்.