ஆக்ஸிலேட்டரை முறுக்குறது ஈஸி பாஸ்... எப்போ விடணும்கிறதுலதான் இருக்கு ரேஸ்!

வண்டலூர் - வாலாஜாபாத் ரோட்டுல சாயங்காலம் ஒருதடவை போயிட்டு வாங்க. ஒரகடம் தாண்டினதும் ரோடு நேரா, அகலமா விரியும். ஷிஃப்ட் முடிஞ்சு வர்ற கம்பெனி பஸ்கள், கன்டெய்னர் லாரிகள்... அதுக்கு நடுவுல 'விர்ர்ர்'னு காதைக் கிழிச்சுட்டு ரெண்டு பைக் போகும். ஓட்டுற பசங்களுக்கு மிஞ்சிப்போனா இருபது வயசு இருக்கும். கேட்டா, "ரேஸுண்ணா!" என்பார்கள்.

அது ரேஸா? உலகத்துலயே அதிவேகமா கார் ஓட்டுறவங்க ஒரு பந்தயத்துக்கு எப்படித் தயாராகிறாங்கன்னு தெரிஞ்சா, இந்தக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிடுவீங்க.

எல்லோரும் ஒரே வேகம்!

அமெரிக்காவின் நாஸ்கர் பந்தயங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீங்க. ரோட்டுல ஓடுற கார் மாதிரியே தோற்றம் உள்ள 'ஸ்டாக் கார்'கள் வட்டப் பாதையில சுத்திச் சுத்தி ஓடும். அதுல பெரிய மைதானங்களுக்கு 'சூப்பர் ஸ்பீட்வே'ன்னு பேர். அலபாமா மாநிலத்தில் 1969-ல் திறக்கப்பட்ட டல்லடேகாவின் ஒரு சுற்று மட்டும் சுமார் 4.28 கிலோமீட்டர். வளைவுகள் 33 டிகிரி சாய்ந்திருக்கும். அந்தச் சரிவுல நடந்து ஏறுறதே கஷ்டம்!

இங்கே 1987-ல் பில் எலியட் தகுதிச் சுற்றில் மணிக்கு சுமார் 342 கிலோமீட்டர் வேகம் காட்டினார். அதே வருஷம், பாபி அலிசனின் கார் பறந்துபோய் ரசிகர்கள் பக்கத்து வேலியைப் பிய்த்தது. அதன்பிறகு இன்ஜினுக்குள் போகும் காற்றையே குறைத்து, வேகத்துக்குக் கடிவாளம் போட்டுவிட்டார்கள்.

விளைவு, எல்லா காருக்கும் கிட்டத்தட்ட ஒரே வேகம். பெடலை முழுசா மிதிச்சாலும் தனியா ஜெயிக்க முடியாது. முன்னால போற கார் காத்தைக் கிழிச்சுக் கொடுக்க, பின்னால வர்ற கார் அந்த நிழல்ல ஒட்டிக்கிட்டு வரணும். லாரிக்குப் பின்னாடி சைக்கிள்ல போனா எதிர்க்காத்து குறையுதே, அதே கணக்குதான் (அதை முயற்சி பண்ணிப் பார்க்காதீங்க, ப்ளீஸ்!). இதுக்குப் பேர் 'டிராஃப்டிங்'. ரெண்டு கார் சேர்ந்து ஓடினா, தனியா ஓடுற காரைவிட வேகம் அதிகம். அதனால முப்பது, நாப்பது கார்கள் மூணு வரிசையா, உரசுற தூரத்துல, 300 கிலோமீட்டர் வேகத்துல போகும். ஒருத்தர் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் அசைச்சாலும் இருபது கார் சேர்ந்து நொறுங்கும். அந்த மாதிரி விபத்துக்கு அவங்க வெச்சிருக்கிற பேரே 'பிக் ஒன்'!

ப்ளேஆஃப்னா இன்னும் சிக்கல்

வருஷக் கடைசியில வர்ற பத்து பந்தயங்கள்தான் சாம்பியன் யாருன்னு தீர்மானிக்கும். 2014-லிருந்து 2025 வரை இருந்த முறைப்படி, 16 பேர்ல ஆரம்பிச்சு மூணு பந்தயத்துக்கு ஒருமுறை நாலு பேரை வெளியேத்துவாங்க. இந்தப் பத்துல டல்லடேகாவும் ஒண்ணு. யாரோ செய்யுற தப்புல நம்ம வருஷமே போயிடலாம்.

அப்போ டிரைவர் என்னதான் தயார் பண்ணுவார்? சிமுலேட்டர்ல பயிற்சி. பழைய பந்தய வீடியோக்களை ஓட்டி ஓட்டிப் பார்த்து, எந்த ஆள் எந்த நேரத்துல எந்தப் பக்கம் வருவார்னு படிக்கிறது. காருக்குள்ள வெப்பம் 50 டிகிரியைத் தாண்டும். மூணு மணி நேரத்துக்கு மேல அதுல உட்காரணும்கிறதால உடற்பயிற்சி, தண்ணீர்னு நாட்கணக்குல திட்டம். மேல் மாடத்தில் நின்னு ரேடியோவுல வழி சொல்ற 'ஸ்பாட்டர்' மேல முழு நம்பிக்கை வேணும். டிரைவரோட கண்ணே அவர்தான்.

முக்கியமா ஒரு முடிவு எடுக்கணும். முன்னால நின்னு பாயின்ட்ஸ் சேர்க்கிறதா, விபத்துக்குப் பயந்து கடைசியில ஒதுங்குறதா? சமீப வருஷங்கள்ல இன்னொரு கூத்து. பெட்ரோலை மிச்சம் பிடிச்சா பிட் ஸ்டாப்பில் நிக்கிற நேரம் குறையும்னு, வேணும்னே பாதி பெடல்ல ஓட்டுறாங்க. ரசிகர்கள் கடுப்பாகுறாங்க. ஆனா, எப்போ மெதுவா போகணும்னு தெரிஞ்சவர்தான் கடைசி சுத்துல முன்னால இருக்கார்.

நம்ம ஊர்க்காரங்க சொல்ற பாடம்

'அதெல்லாம் அமெரிக்கா சமாசாரம்'னு நினைக்காதீங்க. கோயம்புத்தூர்க்காரரான நரேன் கார்த்திகேயன் 2010-ல் நாஸ்கரின் டிரக் பந்தயங்களில் ஓட்டினார். அந்த வருஷம் அந்தத் தொடரின் 'ரசிகர்களுக்குப் பிடித்த டிரைவர்' விருதும் அவருக்குத்தான்!

அவர் ஃபார்முலா ஒன்னில் முதல் புள்ளிகளை எடுத்ததும் அமெரிக்காவில்தான். 2005 ஜூன் 19, இண்டியானாபொலிஸ். அங்கேயும் சாய்வான ஒரு வளைவு இருந்தது. மிஷலின் டயர்கள் அதைத் தாங்காதுன்னு பயிற்சியிலயே தெரிஞ்சுபோச்சு. பந்தயம் தொடங்கும் முன்பே 14 கார்கள் ஒதுங்கின. ஆறு மட்டும் ஓடின. நரேனுக்கு நாலாவது இடம். ஜெயிச்சவங்களைவிட, லட்சக்கணக்கான பேர் பார்க்க 'நாங்க ஓட்டல'ன்னு சொன்ன அந்த 14 கார்களை யோசிச்சுப் பாருங்க.

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமார் செய்ததும் இதுதான். பயிற்சியில் கார் மோதியது. உடம்பும் அணியோட வெற்றியும் முக்கியம்னு, தன் அணியின் காரை ஓட்டுவதிலிருந்து விலகினார். வேற அணிக்காக வேற பிரிவில் ஓட்டினார். அவர் ஒதுங்கிய அந்த அணி, தன் பிரிவில் மூணாவது இடம் பிடித்தது. கொடியோட அவர் ஓடின வீடியோவை எல்லோரும் ஸ்டேட்டஸ் வெச்சோம். அந்த விலகலை எத்தனை பேர் வெச்சோம்?

டிராக்லயும் ஆபத்து உண்டு

நம்ம பக்கத்துலயே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயப் பாதை இருக்கு. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990-ல் திறந்தது; 3.7 கிலோமீட்டர். வாலாஜாபாத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போயிடலாம். ஹெல்மெட், மார்ஷல், ஆம்புலன்ஸ், டாக்டர்னு எல்லாம் இருக்கிற அந்த இடத்துலயே 2023-ல் ரெண்டு பேர் இறந்தாங்க. ஜனவரியில் அனுபவமுள்ள ஒரு கார் பந்தய வீரர். ஆகஸ்டில் 13 வயசுச் சிறுவன். நாஸ்கரும் 2001-ல் டேல் எர்ன்ஹார்டை இழந்த பிறகுதான் கழுத்துக் காப்பைக் கட்டாயமாக்கியது.

அவ்வளவு பாதுகாப்பு இருக்கிற இடத்துலயே இப்படின்னா, நாய் குறுக்கே வர்ற, லாரி திடீர்னு திரும்புற ரோட்டுல? 100 கிலோமீட்டர் வேகத்துல ஒரு பைக் நொடிக்கு 28 மீட்டர் போகும். 'ஐயோ'ன்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஒரு பஸ்ஸோட நீளத்தைவிட ரெண்டு மடங்கு தாண்டியிருக்கும். 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் தாமல் பக்கத்தில் வீலிங் செய்து விழுந்த யூடியூபர், ஜெயிலுக்குப் போனதோட, பத்து வருஷத்துக்கு லைசென்ஸையும் இழந்தார். நமக்குத் தெரிஞ்ச பசங்க எத்தனையோ பேர் கை, காலை இழந்தாங்க. அது நியூஸ்ல வரல. அவ்வளவுதான் வித்தியாசம்.

பெற்றோர் கவனத்துக்கு...

* 18 வயசு ஆகாத பிள்ளை ஓட்டி விபத்தானா, மோட்டார் வாகனச் சட்டப்படி பெற்றோருக்கு அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பிள்ளைக்கு 25 வயசு வரை லைசென்ஸ் கிடையாது.

* நிஜமாவே ஆர்வம் இருந்தா திட்டாதீங்க, டிராக்குக்குக் கூட்டிட்டுப் போங்க. கார்ட்டிங்தான் முதல் படி. போட்டியில ஓட்ட எஃப்.எம்.எஸ்.சி.ஐ லைசென்ஸும் மருத்துவச் சான்றும் வேணும்.

* செலவு அதிகம்கிறதை மறைக்காம பேசுங்க. எல்லாராலயும் டிரைவர் ஆக முடியாது. ஆனா மெக்கானிக், டயர் இன்ஜினீயர், மார்ஷல்னு பந்தயத்தை நடத்துறவங்க நிறைய பேர். ஒரகடத்தைச் சுத்தி கார், டயர் தொழிற்சாலைகள் இருக்கிற நம்ம பகுதிப் பிள்ளைக்கு அந்தக் கதவு கொஞ்சம் பக்கத்துலயே இருக்கு.

நம்ம ஊர்த் தறிக்காரரைக் கேட்டுப் பாருங்க. ஒரு இழை அறுந்தா தறியை நிறுத்தி, முடிச்சுப் போட்டுட்டுத்தான் அடுத்த ஊடு. 'வேகமா நெய்யணும்'னு விட்டுட்டுப் போனா சேலையே பாழ். டல்லடேகா டிரைவருக்கும் அதே விதிதான். இன்னைக்கு ராத்திரி பைக் சாவியைக் கேட்கிற உங்க பையன்கிட்டயும் இதைச் சொல்லிட்டுக் கொடுங்க. லைசென்ஸ் இருந்தா மட்டும்!