கொலை ஓகே, துக்கம் மட்டும் கூடாதா?

"கோஸி மிஸ்டரின்னா டீ, கேக்கு, பூனை, நடுவுல ஒரு பொணம். அதுல எதுக்குய்யா மறதி நோய், அகதி, குழந்தைக் கொடுமை எல்லாம்? ராத்திரி படிச்சிட்டு நிம்மதியா தூங்க வேணாமா?"

போன வாரம் நண்பர் ஒருத்தர் கேட்டது. நல்ல மனுஷன், நிறைய படிக்கிறவர். அதனாலதான் எனக்குக் கோபம் ஜாஸ்தி.

ஐயா, ஒரு ஆளைக் கொன்னு போட்டிருக்காங்க. அதைவிட சீரியஸான சமாச்சாரம் வேற என்ன இருக்கு? கொலை நடக்கலாம், ஆனா யாரும் அழக்கூடாதுங்கறீங்களா? பக்கத்துக்குப் பக்கம் ரத்தம் தெறிக்கிற பாக்கெட் நாவல் படிச்சு வளர்ந்தவங்கதான் நாம எல்லாம். கோஸியில அது கிடையாது. கொலை திரைக்குப் பின்னாடி நடக்கும், சின்ன ஊரு, துப்பறியறது பெரும்பாலும் போலீஸ் இல்லாத ஒரு ஆளு. ரத்தத்தைத்தான் மறைக்கணும்னு விதி. வலியையும் மறைக்கணும்னு யார் சொன்னது?

'தி மவுஸ்ட்ராப்' தெரியுமில்ல? அகதா கிறிஸ்டி நாடகம். லண்டன்ல 1952ல ஆரம்பிச்சது, கொரோனா வந்தப்போ 2020ல நின்னு 2021ல மறுபடி தொடங்கினது. பனியில மாட்டிக்கிட்ட விருந்தினர் விடுதி, ஆளாளுக்கு சந்தேகம், முடிவை வெளியில சொல்லாதீங்கன்னு ரசிகர்களுக்கு வேண்டுகோள். இதைவிட கோஸி உண்டா? ஆனா கதையோட வேர் எங்கே இருக்கு பாருங்க. 1945ல இங்கிலாந்தோட ஷ்ராப்ஷையர்ல, அரசாங்கம் ஒரு பண்ணை வீட்டுல வளர்க்க விட்ட 12 வயசுப் பையன், அடியும் பட்டினியுமா செத்துப் போனான். நாடே கொதிச்சது. 1948ல குழந்தைகளுக்கான சட்டம் வந்ததுக்கு அந்தச் சாவும் ஒரு காரணம். நாடகத்தோட முதல் வடிவம் 1947ல வந்த வானொலி நாடகம். எதுக்காக எழுதினது? ராணி மேரியோட 80வது பிறந்தநாளுக்கு! பிறந்தநாள் பரிசுக்குள்ளயே அந்தப் பையனை வெச்சுக் கொடுத்திருக்கு அந்தம்மா. நண்பர் இதுக்கு என்ன சொல்லுவார்?

அதுக்காக கிறிஸ்டிக்கு நான் காவடி தூக்கப் போறதில்லை. 'எ மர்டர் ஈஸ் அனவுன்ஸ்ட்' (1950) எடுத்துக்குங்க. (லேசா கதை உடையும், படிக்காதவங்க அடுத்த பாராவுக்கு ஓடிடுங்க.) ரெண்டு பெண்கள் ஒரே வீட்டுல சேர்ந்து வாழறாங்க. ஒருத்தி ஸ்டேஷனுக்கு நாயைக் கூட்டிட்டு வரப் போறா. திரும்பி வந்தா மத்தவ துணி காயப்போட்ட இடத்துல பொணமா கிடக்கா. பெரிய ஒப்பாரியெல்லாம் இல்லை, ஆனா அந்த இடத்துல புத்தகத்தை மூடி வெச்சிட்டேன். அதே கதையில மிட்ஸின்னு ஒரு சமையல்காரி. போருல குடும்பத்தைப் பறிகொடுத்துட்டு ஐரோப்பாவிலிருந்து தப்பிச்சு வந்த அகதி. அவ பயத்தை வீடே கேலி பண்ணுது, 'பொய் சொல்றா'ங்குது, ஆசிரியரும் கூட நின்னு சிரிக்கறாங்க. கடைசியில அவளுக்கு ஒரு வீர வேஷம் கொடுத்தாலும் என் மனசு ஆறலை. போர் முடிஞ்சு அஞ்சு வருஷம்தான் ஆகியிருந்தது. இதுதான் தப்பு. கனமான விஷயத்தைத் தொட்டது தப்பில்லை, தொட்டுட்டு சிரிப்புப் பொருளாக்கினதுதான் தப்பு.

இப்ப ரிச்சர்ட் ஆஸ்மன். 'தி தர்ஸ்டே மர்டர் கிளப்' (2020). முதியோர் குடியிருப்புல நாலு கிழடுகள் துப்பறியறாங்க. அதுல எலிசபெத்தோட கணவருக்கு நினைவு போயிட்டிருக்கு. அந்தம்மா அதை நண்பர்கள்கிட்டேருந்து மறைக்குது. தன் டைரியில ரெண்டு வாரம் தள்ளி ஒரு பக்கத்துல தனக்குத்தானே ஒரு கேள்வி எழுதி வைக்குது. அந்தத் தேதி வரும்போது பதில் ஞாபகம் இருக்கான்னு பார்க்க. அவ்வளவுதான், சில வரிகள்.

எங்க பெரியம்மா கடைசி ரெண்டு வருஷம் என்னை "யாருப்பா நீ, சாப்பிட்டியா?"ன்னுதான் கேட்டாங்க. யாருன்னு தெரியலை, ஆனா சாப்பிட்டானான்னு கேட்கத் தெரிஞ்சது. அப்ப மறதி நோய் பத்தி ரெண்டு மூணு கனமான புத்தகம் வாங்கி, இருபது பக்கம் தாண்ட முடியாம வெச்சிட்டேன். ஆனா இந்த 'டீ-கேக்' கதையை முழுசா படிச்சேன். கொலைகாரன் யாருங்கிற ஆர்வம் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போச்சு.

இன்னொரு கூட்டமும் இருக்கு, அவங்களையும் விடறதா இல்லை. 'சமூகப் பிரச்சினை' வேணும்னு எட்டாவது அத்தியாயத்துல அடி வாங்கற மனைவி ஒருத்தியைக் கொண்டு வந்து, துப்பு கிடைச்சதும் ஒன்பதாவதுல கழட்டி விட்டுடறாங்க. அப்புறம் அவ என்ன ஆனான்னு ஒரு வரி கிடையாது. நாயகியோட பேக்கரிக்கு மட்டும் பன்னெண்டு பக்கம், பட்டர் எவ்வளவு போடணும்கிறது உட்பட. இதுக்கு நண்பர் சொல்ற மாதிரி பூனையும் பொணமுமே தேவலை.

நண்பருக்கு ஆஸ்மன் புத்தகத்தைக் கொரியர்ல அனுப்பியாச்சு. படிச்சிட்டு திட்டுங்க சார், காத்துக்கிட்டிருக்கேன் :-)

டிஸ்கி: 'மவுஸ்ட்ராப்' முடிவு என்னன்னு யாரும் கேட்காதீங்க. சொல்ல மாட்டேன்.