பேட் செக்டார்: மறைக்கலாம், சொல்லாமல் இருக்கலாமா?

சென்ற மாதம் அக்காவிடமிருந்து போன். “பாப்பா போட்டோ இருக்கிற போல்டரைத் திறந்தா கம்ப்யூட்டர் அப்படியே நின்னு போகுதுடா” என்றார். போய்ப் பார்த்தேன். ஹார்ட் டிஸ்க்கில் பேட் செக்டார்!

நான் படித்தது இன்ஜினியரிங். செய்வது சாப்ட்வேர் வேலை. ஆனாலும் பலரும் செய்யும் தவறையே நானும் செய்தேன். உடனே செக்டிஸ்க் புரோகிராமை ‘/ஆர்’ கொடுத்து இயக்கினேன். இரவு முழுவதும் ஓடியது. காலையில் அந்த டிஸ்க்கையே கம்ப்யூட்டர் அடையாளம் காணவில்லை.

அது ஏன் தவறு என்று பார்ப்போமா? ஹார்ட் டிஸ்க் தகவல்களை செக்டார் என்னும் சிறு சிறு கட்டங்களில் பதிகிறது. பழைய டிஸ்க்குகளில் ஒரு செக்டார் 512 பைட். புதியவற்றில் பெரும்பாலும் 4096 பைட். ஒரு கட்டத்தைப் படிக்கவே முடியாமல் போனால் அது பேட் செக்டார்.

அந்தக் காலத்தில் இதைச் சமாளித்தது ஆப்பரேட்டிங் சிஸ்டம்தான். 1993ல் வந்த எம்.எஸ். டாஸ் 6.2 பதிப்பின் ஸ்கேன்டிஸ்க், கெட்ட இடத்தை ஃபேட் அட்டவணையில் குறித்து வைத்து ஒதுக்கிவிடும். விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். இதற்கென்றே மறைவான பைல் ஒன்றை வைத்திருக்கிறது. இன்றைய டிஸ்க்குகள் தாமே உதிரி செக்டார்களை வைத்துள்ளன. எழுதும்போது ஓர் இடம் கெட்டிருந்தால் சத்தமில்லாமல் உதிரிக்கு மாற்றிவிடும்.

படிக்கும்போதுதான் சிக்கல். உள்ளே இருந்த தகவல் கிடைக்காமல் உதிரியில் எதை எழுதுவது? டிஸ்க் மீண்டும் மீண்டும் முயல்கிறது. கம்ப்யூட்டர் நின்று போகிறது. செக்டிஸ்க் ‘/ஆர்’ டிஸ்க் முழுவதையும் படித்துப் பார்க்கும். சாகக் கிடக்கும் டிஸ்க்குக்கு அதுவே கடைசி அடியாகிவிடலாம்.

மறைத்துச் சமாளிப்பது நல்லதுதான். ஆனால் உரியவரிடம் சொல்ல வேண்டாமா? விண்டோஸ் இதை ஈவென்ட் வியூவரில் ‘டிஸ்க்’ என்ற பெயரில், 7 என்ற எண்ணுடன் எழுதி வைக்கிறது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர் அங்கே போய்ப் பார்ப்பாரா? முதல் பிழையிலேயே “முக்கியமான பைல்களை உடனே காப்பி எடுங்கள்” என்று திரையில் ஒரு வரி காட்டினால் என்ன?

ஒன்றிரண்டு பேட் செக்டாருக்காகப் பயமுறுத்துவதா என்று சிலர் கேட்பார்கள். அப்படிப்பட்ட டிஸ்க்குகள் வருடக்கணக்கில் ஓடுவதும் உண்டுதான். ஆனால் காத்திருப்பதா, மாற்றுவதா என்று முடிவு செய்ய வேண்டியவர் டிஸ்க்கின் சொந்தக்காரர் அல்லவா?

அதுவரை நீங்களே கவனியுங்கள். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச புரோகிராமில் ‘ரீஅலகேட்டட் செக்டார்ஸ் கவுண்ட்’, ‘கரன்ட் பெண்டிங் செக்டார் கவுண்ட்’ என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கை மாற்றுங்கள். பிரச்னை தெரிந்தால் முதலில் காப்பி, பிறகுதான் செக்டிஸ்க். இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

பாப்பாவின் முதல் பிறந்த நாள் போட்டோக்கள் அத்தானின் செல்போனில் கிடைத்தன. மற்றவை போனது போனதுதான். உங்கள் போட்டோக்களுக்கு இன்னொரு காப்பி இருக்கிறதா? இல்லையென்றால் இன்றே எடுத்து வையுங்கள்.